சிறு சொல்லால் மாறும் பெரும்பொருள்

நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் நாள்தோறும் மூன்று மொழிகளைக் கையாளுகின்றனர். தமிழ் நம் தாய்மொழி. மலாய் நம் நாட்டு மொழி. ஆங்கிலம் உலகத் தொடர்புக்குரிய மொழி. ஆங்கிலத்தைக் கற்கும்போது மாணவர் பெரிதும் இடறுவது நீண்ட, கடினமான சொற்களில் அன்று. ‘இன்’, ‘ஆன்’, ‘அப்’, ‘ஆஃப்’, ‘ஃபார்’ போன்ற மிகச் சிறிய சொற்களிலேயே இடறுகின்றனர். இவை பெயருக்கு முன் நிற்கும்போது முன்னிடைச் சொற்கள் எனப்படும். இச்சிறு சொற்கள் வினைச்சொல்லோடு எவ்வாறு சேர்கின்றன, சேர்ந்தபின் பொருள் எவ்வாறு மாறுகின்றது என்பதை இங்குக் காண்போம்.

இந்த இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 1755-ஆம் ஆண்டில் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் வழக்கமே அயல்மொழியினருக்கு மிகுந்த இடர் தருவது என்று தம் முன்னுரையில் குறிப்பிட்டார். ஆகவே, மாணவர்களே, இதில் நீங்கள் தயங்கினால் அதற்காக வெட்கப்பட வேண்டுவதில்லை.

முதலில் நம் மொழியை நோக்குவோம். ‘பள்ளிக்கு’, ‘பள்ளியில்’, ‘பள்ளியிலிருந்து’ என்று பெயரின் இறுதியில் வேற்றுமை உருபையோ சொல்லுருபையோ சேர்க்கிறோம். மலாய்மொழியில் ‘கே செகோலா’, ‘டி செகோலா’, ‘டாரி செகோலா’ என அத்தகைய சொல் முன்னே வருகிறது. ஆங்கிலத்திலும் ‘டு ஸ்கூல்’, ‘அட் ஸ்கூல்’, ‘ஃப்ரம் ஸ்கூல்’ என்று முன்னேதான் வரும். இடம் மாறினும் தொழில் ஒன்றே. இதுவரை இடரில்லை.

ஒவ்வொரு வினையும் தனக்குரிய துணைச்சொல்லைத் தானே தேர்ந்துகொள்ளும் இடத்தில்தான் இடர் தொடங்குகிறது. ‘பேருந்துக்காகக் காத்திருந்தேன்’ என்கிறோம். ஆங்கிலத்திலும் ‘வெயிட்’ என்னும் வினைக்கு ‘ஃபார்’ வேண்டும். மலாயில் ‘துங்கு பாஸ்’ என்றாலே போதும். அப்பழக்கத்தால் சில மாணவர் ‘வெயிட் பஸ்’ என்று எழுதிவிடுகின்றனர். ‘பாட்டைக் கேள்’ என்பதில் தமிழ் ‘ஐ’ உருபை ஏற்கிறது. ஆங்கிலமோ ‘லிஸன் டு’ என்று ‘டு’வை வேண்டுகிறது. மாறாக, ‘அதைப்பற்றி விவாதித்தோம்’ என்னும் நம் வழக்கை ஒட்டி ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதுவோர் பலர். ‘டிஸ்கஸ்’ என்னும் வினைக்குப் பின் ‘அபௌட்’ வேண்டியதில்லை. எனவே, வினையை மட்டும் மனனம் செய்வது பாதி வேலையே. அதன் துணையையும் சேர்த்தே கற்க வேண்டும்.

இரண்டாவதாக, சிறு சொல் வினையின் பொருளையே மாற்றிவிடுவதுண்டு. ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஃபார்’ என்றால் தேடு. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பேணு. ‘லுக் இன்டு’ என்றால் ஆராய். இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், தமிழிலும் ‘பார்’ என்பது ஒரு பொருள். ‘பார்த்துக்கொள்’ என்பது வேறு. ‘எதிர்பார்’ என்பது வேறு அன்றோ? ‘அப்’ என்னும் சொல் சில இடங்களில் நம் ‘விடு’ என்னும் துணைவினையைப் போலச் செயல் முற்றுப்பெற்றதைக் காட்டும். ‘ஈட்’ என்றால் தின். ‘ஈட் அப்’ என்றால் தின்றுவிடு. தமிழை நன்கறிந்த பிள்ளைக்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும்.

மூன்றாவது, சொற்கள் நிற்கும் இடம். விளக்கை அணை என்பதை ‘டர்ன் ஆஃப் தி லைட்’ என்றும், ‘டர்ன் தி லைட் ஆஃப்’ என்றும் கூறலாம். ஆனால், ‘அதை அணை’ என்னும்போது ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதே சரி. ‘டர்ன் ஆஃப் இட்’ என்பது பிழை. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவை இவ்வாறு பிரியமாட்டா. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்றே வரும். நம் நாட்டுப் பேச்சில் ‘ஆன் தி ஃபேன்’, ‘ஆஃப் தி லைட்’ என்று சிறு சொல்லையே வினையாக்கிவிடுகிறோம். பேச்சில் அது விளங்கும். தேர்வுத்தாளிலும் விண்ணப்பத்திலும் அது செல்லாது.

பெற்றோர்களே, இது பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு முடியும் செய்தியன்று. மழையால் விளையாட்டுப் போட்டி ‘புட் ஆஃப்’ ஆயிற்று என்றால் வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்று பொருள். ‘கால் ஆஃப்’ ஆயிற்று என்றால் கைவிடப்பட்டது என்று பொருள். சொல் ஒன்றைத் தவறாக அறிந்தால் பிள்ளை போட்டி நாளன்று வீட்டிலேயே இருந்துவிடும்.

தோட்டத் தொழிலாளர் வாழ்விலும் இச்சொற்கள் புகுந்துள்ளன. 1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் பங்குகளை வாங்கி, பெருந்தோட்ட நிறுவனமான கத்ரியைத் தன்வசமாக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் இதனை ‘டேக் ஓவர்’ என்பர். ‘டேக்’ என்பது எடு. ‘டேக் ஓவர்’ என்பது பொறுப்பைத் தன்வசமாக்கு.

இனி, ‘லே’ என்றால் கிடத்து அல்லது வை. ‘லே ஆஃப்’ என்றாலோ தொழிலாளிக்கு வேலை கொடாது நிறுத்து என்று பொருள். தீபகற்ப மலேசியாவில் வேலை நீக்கத்திற்கும் ‘லே ஆஃப்’ நிலைக்கும் உரிய பயன்தொகைகளை வகுக்கும் விதிகள் 1980-ஆம் ஆண்டில் பிறந்தன. இவ்விரண்டையும் அவை வேறுவேறாகவே கூறுகின்றன. முதலாளி கொடுக்கும் வேலையைப் பொறுத்தே கூலி பெறும் ஒருவருக்கு, தொடர்ந்த நான்கு வாரங்களுள் மொத்தம் 12 வழக்கமான வேலைநாட்களுக்கேனும் வேலை கொடுக்கப்படாமலும், அக்காலத்திற்குக் கூலி பெற உரிமை இல்லாமலும் இருப்பின், அவர் ‘லே ஆஃப்’ செய்யப்பட்டவராகக் கருதப்படுவார். கடிதத்தில் வந்த சொல் எது என்று அறியாதவர் தமக்குரிய உரிமை எது என்பதையும் அறியார். அக்கடிதத்தை வீட்டில் படித்துச் சொல்லும் கடமை பல வேளைகளில் பள்ளிப்பிள்ளைக்கே வந்து சேர்கிறது.

இச்சொற்களைக் கற்கும் வழி எளிதே. இவற்றிற்கென ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வினையைத் தனியே எழுதாமல் துணைச்சொல்லோடு எழுதுங்கள். அருகே தமிழ்ப்பொருளையும், உங்கள் வாழ்விலிருந்து ஒரு வாக்கியத்தையும் எழுதுங்கள். நாளுக்கு இரண்டு போதும். ஓராண்டில் எழுநூற்றுக்கும் மேலாகும். அகராதியைப் பார்க்கும்போது வினையின் முதற்பொருளோடு நின்றுவிடாமல், அதன்கீழ் வரும் தொடர்களையும் பாருங்கள். 1975-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் கௌவி, மாக்கின் ஆகிய இருவர் தொகுத்த தனி அகராதி ஒன்றை இத்தகைய வினைகளுக்கென்றே வெளியிட்டது என்றால், இவற்றின் பெருக்கத்தை உணரலாம்.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இதில் துணைபுரியலாம். பிள்ளையை அருகில் அமர்த்தி, ‘இன்று என்ன சொல் எழுதினாய்? அதற்குத் தமிழில் என்ன?’ என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் விளக்குமாயின் அச்சொல் அதன் மனத்தில் நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம். தாய்மொழியில் தெளிவு பெற்ற பிள்ளை பிறமொழியிலும் தெளிவு பெறும். சிறு சொல்தானே என்று எண்ணாது கற்போம். கற்றதைப் பிறர்க்கும் படித்துச் சொல்வோம்.