உங்களுக்குத் தெரியுமா? டி.என்.ஏ.வால் ஒளிர்ந்த வான்கோ ஓவியம்

வான்கோ 1889-இல் தீட்டிய ‘விண்மீன் இரவு’ ஓவியத்தை, 2016-இல் டி.என்.ஏ. மூலக்கூறுகளைக் கொண்டு ஒரு சில்லின் மேல் மறுபடி உருவாக்கிக் காட்டினார்கள் கலிஃபோர்னியாவின் கால்டெக் விஞ்ஞானிகள். படத்தில் 65,536 புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய ஒளிக்குழி!

• ஒரு குழிக்குள் ஒளிரும் சாயம் ஏற்றிய டி.என்.ஏ. முக்கோணங்கள் பூஜ்யம் முதல் ஏழு வரை. எத்தனை உட்கார்கின்றனவோ அந்த அளவு வெளிச்சம்.

• முக்கோணத்தின் ஒரு பக்கம் 100 நானோமீட்டரைச் சற்றே தாண்டும். அதை உருவாக்க, பாக்டீரியாவைத் தாக்கும் எம்13 என்ற வைரஸின் நீண்ட டி.என்.ஏ. இழையை, இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி இழைகள் அங்கங்கே பிடித்து மடிக்கின்றன. 2006-இல் இந்த மடிப்பு உத்தியைக் கண்டுபிடித்த பால் ராத்மண்ட் அப்போது செய்த உருவங்களில் ஒன்று, சிரிக்கும் முகம். (விஞ்ஞானிக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.)

• சரியான இடத்தில் எப்படி ஒட்டுகிறது? முக்கோணத்தின் அளவிலேயே சில்லில் ஒட்டும் திட்டுகளைச் செதுக்கிவிடுகிறார்கள். டி.என்.ஏ.வுக்கும் எதிர்மின்னூட்டம், திட்டுக்கும் எதிர்மின்னூட்டம், விலகத்தான் வேண்டும். நடுவே நின்று இரண்டையும் சேர்த்துவைப்பது கரைசலில் உள்ள மக்னீசியம் அயனி.

• மூலக்கூறுகளைப் பேனாவால் எழுதுவதுபோல் வைக்கும் முறையும் உண்டு. 1999-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு அதை உருவாக்கியது. பேனாவாகச் செயல்படும் ஊசிமுனையிலிருந்து, ‘மை’யான மூலக்கூறுகள் பரப்புக்கு இறங்க வழிவிடுவது, காற்றின் ஈரப்பதத்தால் நடுவில் சேரும் துளி நீர். 2002-இல் அதே பேனா டி.என்.ஏ.வையும் எழுதியது.