முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலையா? இன்டர்வியூவில் அவர்கள் கேட்பதும், நீங்கள் கேட்க வேண்டியதும்

“82 வயதுப் பாட்டி. மறதி நோய் இருக்கிறது. ரெண்டு நாளாகக் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். சாயங்காலம் மகள் பார்க்க வருகிறார். என்ன செய்வீங்க?”

முதியோர் பராமரிப்பு மையத்தின் இன்டர்வியூவுக்குப் போகிறீர்கள் என்றால், இந்த மாதிரி ஒரு கேள்விக்குத் தயாராகுங்கள். ஐ.சி.யூ. அனுபவம் உள்ளவர்கள்கூட இங்கே தடுமாறலாம். மருத்துவமனையில் நோயாளி நாலு நாளில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். இங்கே இதுதான் அவருடைய வீடு. இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரிந்திருக்கிறதா என்றுதான் எதிரே இருப்பவர் பார்க்கிறார்.

ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 14.9 கோடி. 2050-ல் இது 34.7 கோடியாகும் என்பது கணிப்பு. அதாவது ஐந்தில் ஒருவர். வேலைகள் பெருகும். ஆனால் நர்சிங் படிப்பில் முதியோர் பராமரிப்பு ஒரு சின்னப் பகுதியாகத்தான் வருகிறது. மீதியை நீங்களே படித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

சரி, பாட்டிக்கு என்ன பதில்?

“எடுத்துச் சொல்லிக் குளிப்பாட்டிடுவேன்” என்றால் கதை முடிந்தது. “டாக்டரைக் கூப்பிடுவேன்” என்பது பாதி பதில். முதலில் காரணத்தைத் தேடுங்கள். மூட்டு வலியா, குளிரா, புது அட்டெண்டர் முன்னால் கூச்சமா? முந்தாநாள் வரை ஒழுங்காகக் குளித்தவரா? அப்படியென்றால் அதை மறதி நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நகரும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும் திடீர் குழப்பத்துக்குப் பெயர் டெலிரியம். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். ஆகவே வைட்டல்ஸ் பார்ப்பேன், சிறுநீரைக் கவனிப்பேன், மருந்துப் பட்டியலைப் புரட்டுவேன், அதன்பின் டாக்டரிடம் பேசுவேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். இன்றைக்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நாளை அவருக்குப் பிடித்த ஆளை வைத்து முயற்சி செய்யலாம். குளிக்க மறுத்ததைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மகளிடம் மறைக்கக் கூடாது.

அளவுகோல்களில் ஒரு பொறி இருக்கிறது. படுக்கைப்புண் அபாயத்தைப் பார்க்கும் பிரேடன் அளவுகோல் 6 முதல் 23 வரை போகும்; மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து அதிகம். கீழே விழும் அபாயத்துக்கான மோர்ஸ் அளவுகோல் அப்படியே தலைகீழ், கூடினால்தான் ஆபத்து. (எண்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கே இது குழம்பும்.) எண்ணைச் சொல்லி நிறுத்தாமல், அந்த எண் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: திருப்பிப் படுக்க வைக்கும் இடைவெளி, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் தாங்கு, சாப்பாட்டில் புரதம்.

“ஒருவர் பாத்ரூமில் விழுந்து கிடக்கிறார்” என்பதும் வழக்கமான கேள்வி. உடனே தூக்கி உட்கார வைப்பேன் என்று சொல்லாதீர்கள். நினைவு இருக்கிறதா, தலையில் அடியா, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அசைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் அது அவசரம்தான்.

வேலை பெங்களூரிலோ புனேயிலோ என்றால் மொழியும் தயாரிப்பில் சேரும். மறதி நோய் முற்றும்போது, பிற்பாடு கற்ற மொழிகள் நழுவி, தாய்மொழி மட்டும் மிஞ்சுவது பலரிடம் நடக்கும். நேற்று வரை இங்கிலீஷில் பேசிய ரிட்டயர்டு அதிகாரி இன்று கன்னடத்தில் மட்டும் முனகுவார். நோவு, நீரு, சாக்கு: வலி, தண்ணீர், போதும். இந்த மூன்று சொல் தெரிந்தாலே ஒரு ராத்திரியைச் சமாளிக்கலாம்.

வெளிமாநிலம் போகிறவர்கள் அந்த மாநில நர்சிங் கவுன்சில் பதிவு பற்றி முன்பே விசாரித்துவிடுங்கள்.

கடைசியில் “உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். பலர் சிரித்துக்கொண்டே “இல்லை சார்” என்று எழுந்துவிடுகிறார்கள். கேளுங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை நர்ஸ்? மாத்திரை யார் கொடுப்பது? அட்டெண்டர் கொடுத்து நீங்கள் கையெழுத்துப் போடும் வழக்கம் இருந்தால், தப்பு நடக்கும் அன்று கேள்வி உங்கள் பதிவு எண்ணுக்குத்தான் வரும். அதிகாலை மூன்று மணிக்கு டாக்டர் போனை எடுப்பாரா?

சம்பளத்துக்கு ஒரு கணக்கு கையில் இருக்கட்டும். தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்காக மத்திய அரசு அமைத்த குழு 2016-ல் பரிந்துரைத்த குறைந்தபட்சம் மாதம் 20,000 ரூபாய். மருத்துவமனைகளை வைத்துச் சொன்னதுதான், அதுவும் பரிந்துரைதான். ஆனாலும் பேரம் பேச அது ஒரு தொடக்கம்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. என் சித்தி பொண்ணு ஒரு இடத்தில் கொடுத்தாள். திரும்ப வாங்க ஐந்து மாதம் அலைந்தாள். அதற்குள் கையிலிருந்த இன்னொரு வேலை போய்விட்டது.

முடிந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு இன்டர்வியூவைக் கேட்டு வாங்குங்கள். ஊட்டிவிடுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டு அவசர அவசரமாகத் திணிக்கிறாரா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.