மானுக்குத் தெரியாத ஆரஞ்சு... பாலைவன வேட்டைக்கு உடை தேர்ந்தெடுப்பது எப்படி?

மண்ணோடு மண்ணாக, செடியோடு செடியாக மறையும் நிறத்தில் சட்டை, பேன்ட். அதன் மேல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத ஜாக்கெட். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களின் படங்களைப் பார்த்தால், ‘இவங்க ஒளியப் போறாங்களா, இல்ல ஊருக்கே தெரியப் போறாங்களா?’ என்று கேட்கத் தோன்றும். இரண்டும்தான்! மானின் கண்ணில் படக் கூடாது. அதே பகுதியில் துப்பாக்கியுடன் நடமாடும் இன்னொரு மனிதரின் கண்ணில் கட்டாயம் பட வேண்டும்.

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டைக்குத் தடை இருக்கிறது. அமெரிக்காவில் மாநில அரசிடம் உரிமம் வாங்கி, அனுமதிக்கப்பட்ட பருவத்தில் மட்டும் வேட்டையாடலாம். ஒதுங்க நிழலும் ஒளிய மறைவும் குறைவான அரிசோனா போன்ற பாலைவனப் பகுதிகளில், ‘கேமோ’ எனப்படும் உருமறைப்பு உடையைத் தேர்வு செய்வது லேசான காரியம் அல்ல.

மணல் நிறம் மட்டும் போதாது

பாலைவனம் என்றதும் நம் மனதில் வருவது மஞ்சள் மணல்மேடு. ஆனால், அரிசோனாவின் தென்பகுதியில் விரியும் சொனோரன் பாலைவனம் அப்படி இருக்காது. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் சவாரோ கள்ளி, பட்டைகூடப் பச்சையாக இருக்கும் பாலோ வெர்டே மரம், நம் ஊர் சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட், இடையிடையே சாம்பல், செம்பழுப்பு நிறப் பாறைகள். அங்கே வெறும் மணல் நிற உடையில் உட்கார்ந்தால், மங்கிய பச்சைக்கு நடுவே வெளிறிய திட்டாகத் தனியாகத் தெரியும்.

இடம் மாறினால் உடையும் தோற்கும் என்பதற்கு ராணுவத்திலேயே உதாரணம் உண்டு. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க வீரர்கள் அணிந்த உடையில், இளம்பழுப்புப் பின்னணியில் கறுப்பு வெள்ளைக் கூழாங்கற்கள் போன்ற புள்ளிகள் இருந்தன. பார்க்க பிஸ்கட் போல இருந்ததால் ‘சாக்லேட் சிப்’ என்றே பெயர் வந்துவிட்டது. கற்கள் நிறைந்த அமெரிக்கப் பாலைவனத்துக்குப் பொருந்திய அந்த வடிவம், வளைகுடாவின் மணல்வெளியில் எடுபடவில்லை. பிறகு மூன்று நிறங்கள் கொண்ட எளிய வடிவம் அதன் இடத்துக்கு வந்தது.

மானின் கண்ணுக்கு என்ன தெரியும்?

மனிதக் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டு வகைதான். அதனால் ஆரஞ்சையும் பச்சையையும் மானால் எளிதில் பிரித்தறிய முடியாது. நமக்குத் தீப்பிழம்பாகத் தெரியும் ஜாக்கெட், அதற்கு மங்கலான சாதாரண நிறம்.

நீல நிறம் அப்படியல்ல. அதை மான் நன்றாகவே பார்க்கும். ஆகவே, மேலே விலை உயர்ந்த கேமோ சட்டையும் கீழே நீல ஜீன்ஸுமாகப் போவது வீண்செலவு. புற ஊதாக் கதிர்களும் ஓரளவு மானின் கண்ணுக்கு எட்டும். ‘பளிச் வெண்மை’ தரும் சலவைத்தூளில் உள்ள வேதிப்பொருள்கள் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடுகின்றன. புது கேமோ உடையை அதில் துவைத்தால், மானின் கண்ணுக்கு மினுங்கும். வெண்மையூட்டி, வாசனை இரண்டும் இல்லாத சலவைத்தூளே நல்லது.

எல்லா விலங்குக்கும் ஒரே கணக்கும் கிடையாது. பன்றி போன்ற தோற்றம் கொண்ட ஹவலீனாவுக்குக் கண்பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. அதனிடம் உடையைவிடக் காற்றின் திசைதான் முக்கியம். வான்கோழிக்கோ நிறப்பார்வை அபாரம். அங்கே முழு கேமோ தேவை. ஆனால் சிவப்பு, வெள்ளை, நீலம் கூடாது. ஆண் வான்கோழியின் தலையில் இருக்கும் நிறங்கள் அவை. அதைப் பார்த்து இன்னொரு வேட்டைக்காரர் குறி வைத்துவிடும் ஆபத்து உண்டு.

பெரிய திட்டுகளே கைகொடுக்கும்

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது, இலை, குச்சி என நுணுக்கமாக அச்சிட்ட துணி அழகாகத் தெரியும். நூறு மீட்டர் தள்ளிப் பார்த்தால் அவை ஒன்றாகக் கலந்து, மனித வடிவில் ஒரே கறுத்த உருவமாகிவிடும். பாலைவனத்தில் பார்வை வெகுதூரம் போகும். வெளிர் நிறமும் அடர் நிறமும் பெரிய திட்டுகளாக மாறி மாறி வரும் வடிவமே தோள், கை, கால் கோடுகளை உடைத்துக் காட்டும்.

சோதிக்க ஒரு சுலபமான வழி: உடையை வேட்டையாடும் இடத்தில் தொங்கவிட்டு, தூரத்திலிருந்து மொபைலில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சுற்றுப்புறத்தைவிட வெளுத்தோ, கறுத்தோ தெரிந்தால் அந்த உடை அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

முகமும் கையும் பளபளத்தால் உடையால் பயன் இல்லை. மெல்லிய முகமூடியும் கையுறையும் வேண்டும். என்ன அணிந்திருந்தாலும் நிழலில், அசையாமல் இருப்பதுதான் பாதி மறைவு.

வெயிலும் முள்ளும்

கோடை முடியும் முன்பே தொடங்கும் வில் வேட்டைப் பருவத்தில், தாழ்வான பாலைவனத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதற்காக அரைக்கை சட்டை போடக் கூடாது. தளர்வான, மெல்லிய முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியுமே வெயிலைத் தடுக்கும். குளிர்காலத்தில் விடியலில் நடுங்க வைத்து, மதியம் வியர்க்க வைக்கும் ஊர் அது. கழற்றிப் பையில் வைக்கத் தோதாக, மெல்லிய அடுக்குகளாக அணிவது நல்லது. வியர்வையில் நனைந்த பருத்தி, குளிரில் உடல் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் மெரினோ கம்பளித் துணி பலரது தேர்வு. முழங்காலுக்குக் கீழே முள் கிழிக்காத, உரசினால் சரசரக்காத கெட்டித் துணி அவசியம்.

உயிர் காக்கும் ஆரஞ்சு

கொலராடோவில் துப்பாக்கியால் மான், எல்க் வேட்டையாடுபவர், இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் அணிய வேண்டும் என்பது சட்டம். ஐந்து ஏ4 தாள்களுக்கும் சற்று அதிகமான பரப்பு அது. எல்லாப் பக்கமும் தெரியும்படி அதே நிறத் தொப்பியும் வேண்டும். கேமோ அச்சு போட்ட ஆரஞ்சு கணக்கில் சேராது.

அரிசோனாவில் அப்படிச் சட்டம் இல்லை. அதனால் அங்கே முடிவு வேட்டைக்காரரின் கையில். மான் பார்க்காத நிறத்தை ஒதுக்கி வைப்பதால் கிடைக்கும் லாபம் எதுவும் இல்லை. போட்டுக்கொண்டால், புதருக்குள் அசைவது மானல்ல, மனிதர் என்று எதிரே வருபவருக்குப் புரியும். வேட்டையாடிய மானைத் தோளில் சுமந்து திரும்பும்போது அதன் மீதும் ஒரு ஆரஞ்சுத் துணியைக் கட்ட வேண்டும் என்பது அனுபவசாலிகள் தவறாமல் சொல்லும் பாடம்.