ஒரு கணை, மூன்று கரங்கள்

அம்பெய்தலைச் சிறப்பிக்கும் நபிமொழிகளுள் உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஓர் அறிவிப்பு தனிக் கவனத்திற்குரியது. அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் இடம்பெறும் அது, ஒரே அம்பின் பொருட்டு மூவர் சுவனம் புகுவர் என்னும் கருத்தைத் தருகிறது. நன்மையை நாடி அந்த அம்பைச் செய்தவர், அதனை எய்தவர், எய்பவருக்கு அதனை எடுத்துக் கொடுத்தவர் ஆகியோரே அம்மூவர். இதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை வல்லுநர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். எனினும், வில்வித்தை பற்றி எழுதிய முஸ்லிம் ஆசிரியர்கள் பல நூற்றாண்டுகளாக இதனை விரும்பி எடுத்தாண்டு வந்திருக்கின்றனர். இங்கே முதலில் எண்ணப்படுபவர் வீரர் அல்லர், தொழிலாளி என்பது நம் சிந்தனையைத் தூண்டுகிறது.

அலுமினியமும் கரியிழையும் கொண்டு பிசகற்ற அம்புகளை எந்திரங்கள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளும் காலம் இது. ஒரே எடை, ஒரே விறைப்பு, ஒரே நீளம். அவ்வாறிருந்தும், மரபுவழி வில்லைக் கையிலெடுப்போர் பலர் மரக்கணையையே நாடுகின்றனர். இதனைப் பழமை மீதுள்ள மோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மரக்கணையின் ஈர்ப்புக்கு ஆழமான காரணம் வேறு உண்டு. செய்தவர், கொடுத்தவர், எய்தவர் ஆகிய மூவரின் பொறுப்பையும் கண்ணுக்குத் தெரியும்படி அது வைத்திருக்கிறது என்பதே அக்காரணம்.

தண்டின் இயல்பு

நேராகச் செல்வதற்கு உவமையாக அம்பைச் சொல்வது நம் வழக்கம். உண்மையில் எந்த அம்பும் வில்லிலிருந்து நேராகப் புறப்படுவதில்லை. நாண் பின்னிருந்து உந்தும்போது முன்முனையின் கனம் அந்த உந்துதலை எதிர்க்கிறது. இரண்டிற்கும் இடையில் அகப்பட்ட தண்டு பக்கவாட்டில் வளைகிறது. பின் மறுபக்கம் வளைகிறது. இவ்வாறு மீன் நீந்துவதைப் போல் நெளிந்தபடியே வில்லின் கைப்பிடியைச் சுற்றிக் கடந்து, சிறிது தொலைவு சென்ற பின்னரே அது நிலைகொள்கிறது. வில்லின் பக்கத்தில் வைத்து எய்யப்படும் அம்பு குறியை அடைவது எப்படி என்ற இந்தப் புதிருக்கு ‘வில்லாளியின் முரண்’ என்று பெயர். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படப்பிடிப்பின் மூலம் இந்த நெளிவைக் கண்ணுக்குக் காட்டினார். பின்னர் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் எல்மர், நபீஹ் அமீன் ஃபாரிஸுடன் இணைந்து, வடமேற்கு ஆப்பிரிக்காவில் எழுதப்பட்ட அரபு வில்வித்தைச் சுவடி ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்நூல் 1945-இல் வெளிவந்தது.

இதிலிருந்து விளங்குவது யாது? தண்டின் வளையும் திறன் வில்லின் வலிமைக்குப் பொருந்த வேண்டும். மிக விறைப்பான தண்டு ஒருபக்கம் விலகும். மிக மென்மையானது மறுபக்கம் விலகும் அல்லது நாணிலேயே முறியும். எந்திரத்தில் வார்த்த குழாயில் இத்திறனை எண்ணாகக் குறித்துவிடலாம். மரத்தில் அவ்வாறு முன்கூட்டியே குறிக்க இயலாது. ஒரே மரத்திலிருந்து பிளந்தெடுத்த இரு தண்டுகளும்கூட ஒன்றுபோல் வளைவதில்லை. ஆகவே கணை செய்பவர் ஒவ்வொரு தண்டையும் கையில் எடுத்து, வளைத்துப் பார்த்து, நிறுத்து, இனம் பிரிக்க வேண்டும். மரத்தின் இழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடையறாது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இழை நடுவழியில் பக்கவாட்டில் வெளியேறினால், அந்த இடத்தில்தான் தண்டு முறியும். முறிந்த கூர்த்துண்டு எய்பவரின் கையிலேயே பாயவும் கூடும்.

மரம் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் உலரும், கோணும். கோணியதை அனல் காட்டி, விரலால் அழுத்தி நிமிர்த்தலாம். சில நாள்களில் மீண்டும் கோணினால் மீண்டும் நிமிர்த்த வேண்டும். ஆதலால் மரக்கணை வைத்திருப்பவர் தம் அம்புகளை அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கட்டுப்பட்டவராகிறார். குறைபோல் தோன்றும் இந்த இயல்பே அவருக்கும் கணைக்கும் இடையில் ஓர் அறிமுகத்தை வளர்க்கிறது.

ஓக்மெய்தானின் கணைகள்

இக்கலையை அதன் உச்சிக்குக் கொண்டு சென்றவர்கள் உஸ்மானியர் எனலாம். துருக்கி மொழியில் ‘ஓக்’ என்றால் அம்பு. ‘ஓக்மெய்தான்’ என்றால் அம்புத் திடல். 1453-இல் கான்ஸ்டான்டினோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மத், நகர மதில்களுக்கு வெளியே அம்பெய்தலுக்கென ஒரு பெருந்திடலை ஒதுக்கினார். அவருடைய மைந்தர் இரண்டாம் பாயஸீத் காலத்தில் அங்கே வில்லாளிகளுக்கான தக்கியா எழுந்தது. ஒழூவுடன் நுழைதல், ஆசானின் அனுமதியுடன் வில்லைத் தொடுதல் என அத்திடலுக்கு அதற்கேயுரிய ஒழுக்கங்கள் இருந்தன. நீண்ட தொலைவு எய்தவர்களின் நினைவாக நடப்பட்ட எழுத்துப் பொறித்த கற்களுள் சில, நகரம் விரிந்து திடலின் பெரும்பகுதியை விழுங்கிய பின்னும் எஞ்சி நிற்கின்றன.

அங்கு தேர்ச்சி பெற்ற வில்லாளியாக ஏற்கப்பட, 900 கெஸ் தொலைவுக்கு எய்ய வேண்டும். ஒரு கெஸ் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் எனக் கொண்டால் இது 594 மீட்டராகும். தோஸ்கோபரான் இஸ்கந்தர் என்பவரின் பெயரால் 1281.5 கெஸ், அதாவது ஏறத்தாழ 845 மீட்டர், பதிவாகியுள்ளது. கொம்பும் மரமும் தசைநாரும் சேர்த்து ஒட்டிய வில்லின் ஆற்றல் இதற்கு ஒரு காரணம். மறு காரணம், ஒன்றரை முழத்திற்கு உட்பட்ட பைன் மரக்கணை.

எடை குறைவாகவும் விறைப்பு மிகுதியாகவும் இருப்பதால் பைன் தேர்ந்தெடுக்கப்பட்டது. நன்கு உலரவிட்ட பின்னரே அதில் உளி பட்டது. நெடுந்தொலைவுக் கணையின் தண்டு ஒரே பருமனாக இராது. நடுவில் சற்றே பருத்து இரு முனைகளிலும் மெலிந்திருக்கும். வளைவின் சுமையைத் தாங்கும் நடுப்பகுதிக்கு வலிமையை விட்டு, தேவையற்ற இடங்களில் எடையைக் குறைக்கும் நுட்பம் இது. நாண் பொருந்தும் குதைக்குக் கடினமான வேறு மரத்துண்டுகளைப் பொருத்தி, ஒட்டி, தசைநாரால் இறுகச் சுற்றினர். இஸ்தான்பூலில் பாயஸீத் பள்ளிவாசல் வட்டாரத்தில் கணை செய்வோரின் பெயரைத் தாங்கிய தெரு இன்றும் இருக்கிறது.

வில்லாளியாக ஏற்கப்படும் நாளில் ஆசான் மாணவரின் காதில் ஓர் இரகசியத்தை ஓதுவார். அது ‘அன்ஃபால்’ அத்தியாயத்தின் 17ஆம் வசனத்தைச் சார்ந்தது என்பர். எறிந்தவன் நீ என்று எண்ணாதே, எறிந்தவன் அல்லாஹ்வே என்பது அதன் உட்கிடை. தன் கரத்தின் வலிமையையே நம்பும் இளைஞனுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இருக்க முடியாது. அவன் எய்த கணையில் கணை செய்தவரின் பல நாள் உழைப்பும், அதற்கு முன் மரத்தை வளர்த்த இறைவனின் அருளும் அடங்கியிருக்கின்றன.

வேட்டையும் ஹலாலும்

கணையின் தண்டு சட்டவியலிலும் இடம்பெறுகிறது. தய்யி குலத்தைச் சேர்ந்த அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டை பற்றி அண்ணலாரிடம் கேட்ட வினாக்கள் புகாரீ, முஸ்லிம் தொகுப்புகளில் உள்ளன. அவற்றுள் ஒன்று ‘மிஃராத்’ பற்றியது. இதனை இறகில்லாத கணை என்றும், கனத்த தடி என்றும் விரிவுரையாளர்கள் விளக்குவர். அதன் கூர்முனை தைத்துப் பிராணி இறந்தால் உண்ணலாம். தண்டு குறுக்காக மோதி இறந்தால் உண்ணலாகாது என்பதே கிடைத்த விடை. இரண்டாவது வகை, அடிபட்டுச் செத்ததாக ‘மாயிதா’ அத்தியாயத்தின் 3ஆம் வசனம் விலக்கியவற்றுள் அடங்கும்.

இறகு சரியாக ஒட்டப்படாத அல்லது கோணிப்போன கணை தன் முனையால் தைக்காமல் புரண்டு விழக்கூடும். அப்போது ஓர் உயிர் வேதனையுடன் வீணாகிறது; உணவும் ஹராமாகிறது. கணை செய்பவரின் அசட்டை எய்பவரின் தட்டு வரை வந்து சேர்கிறது. நபிமொழி அவரை முதலில் வைத்து எண்ணியதன் நுட்பத்தை இங்கே உணரலாம்.

மற்றொரு விடை இன்னும் நுணுக்கமானது. எய்யப்பட்ட பிராணி ஓரிரு நாள் கழித்துக் கிடைக்கும்போது, வேட்டையாளரின் அம்பு பட்ட தடம் தவிர வேறெதுவும் அதன் உடலில் இல்லையெனில் உண்ணலாம். நீரில் விழுந்து கிடந்தால் உண்ணலாகாது. கொன்றது அம்பா நீரா என்பது தெரியாது அல்லவா? ஆக, தம் அம்பு எது, அதன் காயம் எத்தகையது என்பதை வேட்டையாளர் அறிந்திருக்க வேண்டும். கையால் செய்த கணையின் உரிமையாளர் அதன் நிறத்தையும் இழையையும் இறகையும் கொண்டே அதனை இனங்காண்பார். உயிருள்ள ஒன்றை வெறும் இலக்காக நிறுத்தி எய்வதும், கூர்முனையை மூடாமல் பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்புடன் நடப்பதும் தடுக்கப்பட்டிருப்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்த்தால், அம்பு நம் மரபில் வெறும் கருவியாக இருந்ததில்லை என்பது புலனாகும்.

உலோகம் வந்த பின்

துப்பாக்கி பரவியதும் போர்க்களத்தில் வில்லின் காலம் முடிந்தது. 19ஆம் நூற்றாண்டில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத், மறைந்துவரும் கலையைப் பதிவு செய்ய முஸ்தஃபா கானீயைக் கொண்டு ஒரு நூல் எழுதுவித்தார். 1847-இல் அச்சேறிய அந்நூல் இல்லையெனில் உஸ்மானியக் கணைகளைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அழிந்திருக்கும். அதற்கு முன்பே, மம்லூக்குகளின் ஆட்சியில் 14ஆம் நூற்றாண்டில் தைபுகா எழுதிய செய்யுள் நூலும் அதன் உரையும் வில்வித்தையின் இலக்கணத்தை வகுத்திருந்தன.

மேற்கில் விளையாட்டாக எஞ்சிய வில்வித்தையிலும் மரக்கணையே நெடுங்காலம் ஆண்டது. மரத்தண்டுகளைச் செய்து தொழிலைத் தொடங்கிய அமெரிக்கர் டக் ஈஸ்டன், மரத்தின் சீரின்மையால் சலிப்புற்று 1939-இல் அலுமினியத்துக்கு மாறினார். 1980களில் கரியிழை வந்தது. நடுநிலையுடன் சொன்னால், குறி தவறாமைக்கும் நீடித்த உழைப்புக்கும் இவையே மேலானவை. எனினும் மரத்திற்குப் பயன்சார்ந்த சில சிறப்புகளும் உண்டு. பொதுவாக அது கரியிழையைவிடக் கனமானது. கனத்த கணை மெதுவாகச் சென்றாலும் வில்லின் ஆற்றலில் பெரும்பங்கை எடுத்துச் செல்கிறது. வில்லின் அதிர்வும் ஓசையும் குறைகின்றன. அருகிலிருந்து எய்யும் வேட்டையாளருக்கு இது நன்மையே. உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் போட்டிகளிலும் நெடுவில் பிரிவில் மரத்தண்டு அம்புகளே ஏற்கப்படுகின்றன.

துருக்கியின் மரபுவழி வில்வித்தையை 2019-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. மகிழ்ச்சிக்குரிய இம்மறுமலர்ச்சியில் ஓர் ஐயமும் எழுகிறது. பழைய உடை, பழைய வில், கட்டைவிரல் மோதிரம் அனைத்தும் மீண்டு, கணை மட்டும் கடையில் வாங்கிய குழாயாக இருந்தால் மீண்டது எது? எய்பவர் மீண்டிருக்கிறார்; செய்பவர் மீளவில்லை. முறிந்தால் வேறொன்று வாங்கலாம் என்ற எண்ணத்துடன் எய்வதற்கும், இதனைச் செதுக்க இன்னாருக்கு இத்தனை நாள் ஆயிற்று என்ற நினைவுடன் எய்வதற்கும் வேறுபாடு உண்டு. பின்னவர் நாணை விடுமுன் ஒரு கணம் கூடுதலாகத் தாமதிப்பார்.

அந்தத் தாமதமே மரக்கணை கற்பிக்கும் பாடம். ஒருவர் செய்கிறார், ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் எய்கிறார். நற்கூலியில் மூவருக்கும் பங்குண்டு என்றால், பொறுப்பிலும் மூவருக்கும் பங்குண்டு. யார் செய்தது என்று தெரியாத பொருள்களால் சூழப்பட்டு வாழும் நமக்கு, வில்லைத் தொடாதவராயினும், இது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும்.