பெட்டிகளின் காலத்தில் கிள்ளான் துறைமுகம்

1901-ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரோடு திறக்கப்பட்டு, சதுப்பு நிலத்து மலேரியாவினால் சில மாதங்களுக்குள்ளேயே மூடிவிடலாமா என்று ஆலோசிக்கும் நிலைக்கு வந்த இடம், டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டுவித்துக் கொசுவை அடக்கியதனால் பிழைத்து, இன்று ஆண்டொன்றுக்கு 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடிப் பெட்டிகளின் அளவுக்குச் சரக்கைக் கையாளும் கிள்ளான் துறைமுகமாக விளங்குகிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் இந்த மண்ணில் முதற்காலடி வைத்ததும் இங்கேதான். 1963-இல் தனி வாரியம் அமையும்வரை துறைமுகத்தை நிர்வகித்தது ரயில்வே இலாகாவாகையால், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழரும் கப்பல்துறையில் உழைத்தவரும் ஒரே எஜமானருக்கே ஊழியம் செய்தார்கள்.

மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து, ஒரு கப்பலைக் காலிசெய்யப் பல நாட்கள் பாடுபட்ட அக்காலம், 1973-இல் கொள்கலன் முனையம் வந்ததோடு முடியத் தொடங்கியது. தொழிற்சாலையில் பூட்டிய பெட்டி வழியில் எங்கும் திறக்கப்படாமல் கடல் கடந்து செல்லும் இந்த முறையில், பல தொழிலாளர் செய்த வேலையை ஒரே பாரந்தூக்கி முடித்துவிடுகிறது. தோள்வலிமையால் குடும்பத்தைக் காத்தவர்களுக்கு இது எளிய மாறுதலன்று என்பதை அபிவிருத்திக் கணக்குகள் சொல்வதில்லை. 1986-இல் கொள்கலன் முனையம் தனியார் நிர்வாகத்துக்கு மாறியது. அடுத்த பத்தாண்டில், தமிழரான ஜி. ஞானலிங்கம் தலைமையில் இதே துறைமுகத்தின் பூலாவ் இண்டா தீவில் வெஸ்ட்போர்ட்ஸ் முனையம் எழுந்தது.

ஆனால் இங்கே இறங்கும் பெட்டிகளில் பெரும்பகுதி மலேசியாவுக்கு உரியதன்று. ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் செல்வது. அத்தகைய சரக்கு எவ்வளவு விரைவில் இடம் மாறும் என்பதை, 2000-ஆம் ஆண்டில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சிங்கப்பூரை விட்டு ஜொகூரின் தஞ்சோங் பெலெப்பாசுக்குப் போனதிலிருந்து மலாக்கா நீரிணைத் துறைமுகங்கள் யாவும் அறிந்துகொண்டன. ஆகவேதான் வெஸ்ட்போர்ட்ஸ் தன் கொள்ளளவை ஏறத்தாழ இருமடங்காக்கி 2 கோடியே 70 லட்சம் பெட்டிகளாக உயர்த்த முனைந்திருக்கிறது. ஆழமான கப்பல்துறையும் உயர்ந்த பாரந்தூக்கிகளும் இல்லாத இடத்துக்கு ராட்சதக் கப்பல்கள் வருவதில்லை.

எனினும் நிலையான பலம் உள்நாட்டுச் சரக்கிலேயே இருக்கிறது என்பது என் திடமான எண்ணம். கிளந்தானிலிருந்து கிள்ளான் துறைமுகம்வரை 665 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்துவரும் கிழக்குக் கரை ரயில்பாதை, தீபகற்பத்தின் மறுகரையில் விளைவதையும் செய்வதையும் இத்துறைமுகத்துக்குக் கொண்டுவருமானால், அந்தச் சரக்கை எந்தக் கப்பல் கம்பெனியின் புதிய ஒப்பந்தமும் ஒரே நாளில் வேறிடத்துக்குத் திருப்பிவிட இயலாது.