‘குடிச்சிட்டு வந்தா வேலை காலி’ என்று நோட்டீஸ் ஒட்டினால் போதுமா? போதையில்லா பணியிடம் உருவாக்குவது எப்படி?

உங்கள் தொழிற்கூடத்தில் 50 பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒருவருக்குக் காலையில் கை நடுங்குகிறது. திங்கட்கிழமையானால் லீவு. கூட இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். ஆனால், ‘பாவம், புள்ளகுட்டிக்காரர், சொன்னா வேலை போயிடும்’ என்று மறைத்துவிடுகிறார்கள். அவர் கை இயந்திரத்தில் சிக்கும் நாளில்தான் உங்களுக்குத் தெரியவருகிறது.

தண்டனையை மட்டும் அறிவிக்கும் இடங்களில் இப்படித்தான் நடக்கும். அதற்கு மாற்றுதான் போதையில்லா பணியிடத் திட்டம்.

பிரச்னை எவ்வளவு பெரியது?

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வெளியானது. அதன்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். சுமார் 5.7 கோடிப் பேருக்கு, மதுவால் வந்த பிரச்னைக்கு உதவி தேவைப்படுகிறது. ஆனால், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

எல்லா நிறுவனங்களும் இத்திட்டத்தை நடத்த வேண்டும் என்று பொதுவான சட்டம் கிடையாது. விமானத் துறை போன்ற சிலவற்றில்தான் பரிசோதனை கட்டாயம். விமானிகள், விமானப் பணியாளர்கள், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களில் ஆண்டுக்குக் குறைந்தது 10% பேருக்குத் திடீர் போதைப்பொருள் பரிசோதனை செய்யும் விதி 2022 ஜனவரி 31-இல் அமலுக்கு வந்தது. அந்த விதியில் முதல் முறை சிக்கியவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. சிகிச்சைக்கு அனுப்பச் சொன்னார்கள். இரண்டாவது முறைதான் 3 ஆண்டு உரிம நிறுத்தம், மூன்றாவது முறை ரத்து.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவும், பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. 2017 மனநலச் சட்டமோ மது, போதைப்பொருளால் வரும் மனப் பாதிப்புகளை நோயாகவே கருதுகிறது.

திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

1. எழுதப்பட்ட கொள்கை. தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மேலாளருக்கும் அதே விதிதான்.

2. மேற்பார்வையாளருக்குப் பயிற்சி. ‘இவன் குடிகாரன்’ என்று முத்திரை குத்துவது அவர் வேலையல்ல. தாமதம், தவறுகள், அடிக்கடி லீவு ஆகியவற்றைக் குறித்து வைத்து, தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் போதும்.

3. நியாயமான பரிசோதனை. கஞ்சாவின் தடயம் சிறுநீரில் பல நாள், சிலருக்குச் சில வாரம்கூட இருக்கும். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கும் ‘பாசிட்டிவ்’ வரலாம். அதனால் ஆய்வகத்தில் உறுதிசெய்யாமல் நடவடிக்கை எடுக்கக் கூடாது.

4. சிகிச்சைக்கு வழி. ‘நீங்களா வந்து சொன்னா லீவு உண்டு, விஷயம் வெளியே போகாது, வேலையும் இருக்கும்’ என்ற உறுதி வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1996 வழிகாட்டுதலும் இதை மற்ற நோய்களைப் போலவே அணுகச் சொல்கிறது. இந்த உறுதி இல்லையென்றால் முதல் மூன்றும் வீண். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

முதலாளிக்கு என்ன லாபம்?

‘போதையில் இருந்தார், அதனால் இழப்பீடு தர மாட்டேன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், தொழிலாளர் இழப்பீடு குறித்து நெடுங்காலமாக உள்ள விதிப்படி, விபத்தில் தொழிலாளி இறந்தாலோ, நிரந்தரமாக முழு ஊனமடைந்தாலோ அந்த வாதம் செல்லாது. தவிர, பத்து வருடம் கைப்பழக்கமான ஆளை அனுப்பிவிட்டுப் புதியவரைப் பழக்குவதும் செலவுதானே?

சின்ன நிறுவனம், மருத்துவர் வைக்க வசதியில்லையா? மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. கட்டணம் இல்லை. அருகிலுள்ள சிகிச்சை மையம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த எண்ணை நோட்டீஸ் போர்டில் எழுதிவையுங்கள். பக்கத்திலேயே, ‘சிகிச்சைக்குப் போனால் வேலை போகாது’ என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்தையும் போடுங்கள்.