ஆகாயத்தில் ஒரு பொய் முகவரி

2023 செப்டம்பர். ஈராக் வான்வெளியைக் கடந்துகொண்டிருந்த ஒரு போயிங் 777-லிருந்து பாக்தாத் கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோவில் ஒரு கேள்வி போனது: இப்போது மணி என்ன, நாங்கள் எங்கே இருக்கிறோம்? விமானத்தை ஓட்டுகிறவர்களே கேட்ட கேள்வி இது. அதே மாதம், அதே பகுதியில், துபாய்க்குப் போய்க்கொண்டிருந்த எம்ப்ரயர் ரகச் சிறிய ஜெட் ஒன்று தன்னையறியாமல் திசை விலகி, அனுமதியின்றி ஈரான் எல்லைக்குள் நுழையப் பார்த்தது. 2020 ஜனவரியில் தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை எதிரியின் ஏவுகணை என்று நினைத்து ஈரானின் புரட்சிக் காவல்படை சுட்டு வீழ்த்தியதையும், அதில் 176 பேர் இறந்ததையும் நினைத்துக்கொண்டால், எம்ப்ரயரில் இருந்தவர்கள் எதிலிருந்து தப்பினார்கள் என்பது புரியும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். யாரோ தரையிலிருந்து பொய்யான ஜிபிஎஸ் சமிக்ஞையை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை நம்மை எட்டும்போது மிக மெலிந்துபோயிருக்கும். அதே அலைவரிசையில் தரையிலிருந்து இரைச்சலைக் கிளப்பினால் போதும், அது அமுங்கிவிடும். இதற்கு ஜாமிங் என்று பெயர். ஜாமிங் தொல்லைதான், ஆனாலும் ஜிபிஎஸ் போய்விட்டது என்று விமானிக்குத் தெரிந்துவிடும். ஸ்பூஃபிங் அப்படியில்லை. அசல் போலவே தயாரித்த போலிச் சமிக்ஞையைக் கூடுதல் பலத்தோடு அனுப்புவார்கள். விமானத்தின் கருவி அதை நம்பி, தான் வேறெங்கோ, சிலசமயம் வேறு நேரத்தில், இருப்பதாகக் காட்டத் தொடங்கும். 2024-ல் கிழக்கு மத்தியதரைக் கடலுக்கு மேல் பறந்த பல விமானங்களின் திரையில், அவை பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகத் தெரிந்தது!

பயணிகள் விமானத்தை வழிதவறச் செய்வது அனுப்புகிறவர்களின் நோக்கமல்ல. ட்ரோன்களும் ஏவுகணைகளும் ஜிபிஎஸ்ஸை வைத்துத்தான் இலக்கைத் தேடுகின்றன. அவற்றைக் குழப்ப ராணுவங்கள் செய்கிற வேலை இது. நடுவில் போகிற பயணிகள் விமானமும் சிக்கிக்கொள்கிறது. விமானிகளும் விமான இயக்கப் பணியாளர்களும் சேர்ந்து நடத்தும் ஆப்ஸ்குரூப் அமைப்பின் கணக்குப்படி, 2024 ஜனவரியில் நாளொன்றுக்குச் சராசரியாக 300 விமானங்கள் போலிச் சமிக்ஞைக்கு ஆளாயின. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் அது 1,500 ஆனது.

ஜிபிஎஸ் போனால் என்ன, இன்னர்ஷியல் கருவி இருக்கிறதே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். புறப்பட்ட இடத்திலிருந்து ஒவ்வோர் அசைவையும் தானே அளந்து, இருக்குமிடத்தைக் கணக்கிடும் கருவி அது. வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் அதற்குத் தேவையில்லை. ஆனால் நேரம் ஆக ஆக அதன் கணக்கில் பிழை சேரும் என்பதால், புதிய விமானங்கள் பலவற்றில் ஜிபிஎஸ்ஸைக் கொண்டு அதைத் திருத்திக்கொள்ளும்படி அமைத்துவிட்டார்கள். பொய் வந்தபோது சாட்சியும் சேர்ந்தே கெட்டது. 2023-ல் விமானத் துறையை உலுக்கியது இதுதான்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று. மேகத்திலோ இருட்டிலோ, நல்ல நிலையில் உள்ள விமானத்தை விமானி தன்னையறியாமல் மலையில் மோதுவது, ஒரு காலத்தில் விமான விபத்துகளில் மிக அதிக உயிர்களைக் குடித்த வகை. 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகருக்கு அருகே அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 757 அப்படித்தான் மலையில் மோதியது. 159 பேர் இறந்தார்கள். அதிலும் தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி இருந்தது. ஆனால் அந்தப் பழைய கருவி விமானத்துக்கு நேர் கீழே உள்ள தரையை மட்டும்தான் பார்த்தது. அது கத்தியபோது மலை மிக அருகில் வந்துவிட்டிருந்தது. ஹனிவெல் நிறுவனத்தின் பொறியாளர் டான் பேட்மன் உருவாக்கிய அடுத்த தலைமுறைக் கருவி, உலகத்தின் மலை மேடுகளையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, எதிரே வரப்போவதை முன்கூட்டியே சொன்னது. அது பரவலான பிறகு இவ்வகை விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. விமானப் பயணத்தில் அதிக உயிர்களைக் காப்பாற்றிய தனிமனிதர் என்று பேட்மனைச் சொல்பவர்கள் உண்டு. மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கருவிக்கு விமானம் எங்கே இருக்கிறது என்று சொல்வது ஜிபிஎஸ். பொய்ச் சமிக்ஞை புகுந்தால், 35,000 அடி உயரத்தில், கீழே மலையே இல்லாத இடத்தில், ‘டெரைன், புல் அப்’ (தரை நெருங்குகிறது, மேலேறு) என்று அது அலறுகிறது. போலிச் சமிக்ஞை வரும் பகுதியைத் தாண்டிய பிறகும் சில விமானங்களில் அது சரியாவதில்லை. பொய்யென்று தெரிந்த அலறலைக் கேட்டுக்கொண்டே எவ்வளவு நேரம் ஓட்டுவது? விமானிகள் அதை அணைத்துவைக்கிறார்கள். சில நிறுவனங்களின் நடைமுறையே அப்படித்தான் சொல்கிறது. ‘புலி வருது’ கதைதான். ஒருநாள் இரவு மழையில் இறங்கும்போது நிஜமாகவே மலை வந்தால், அந்தக் குரல் கேட்குமா? கேட்டாலும் விமானி அதை நம்புவாரா? மேலேறத் தயங்குகிற சில விநாடிகள் போதும்.

இதில் ஒரு வரலாற்று முரண் இருக்கிறது. 1983 செப்டம்பர் 1 அன்று நியூயார்க்கிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக சோல் நகருக்குப் போன கொரியன் ஏர்லைன்ஸ் 007, பாதையிலிருந்து மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போனது. தானியங்கி ஓட்டுநரை இன்னர்ஷியல் கருவியோடு இணைக்காமல், ஒரே திசையில் போகும் நிலையிலேயே வைத்துவிட்டார்கள் என்பது பின்னாள் விசாரணை கண்ட முடிவு. 500 கிலோமீட்டருக்கும் மேல் விலகி சகாலின் தீவுக்கு மேல் வந்த அந்த விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டது. 269 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அமெரிக்க ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜிபிஎஸ், தயாரானதும் உலகின் பயணிகள் விமானங்களுக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படும் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது இரண்டே வாரம் கழித்துத்தான். இனி எந்த விமானமும் வழிதவறிப்போய்ச் சுடுபடக் கூடாது என்று கொடுத்த கருவியே, இன்று விமானங்களை அந்நிய எல்லைக்குள் தள்ளப் பார்க்கிறது.

சுடுபடும் ஆபத்தும் இன்னும் போகவில்லை. 2024 டிசம்பர் 25 அன்று பாகுவிலிருந்து ரஷ்யாவின் க்ரோஸ்னிக்குப் போன அஜர்பைஜான் ஏர்லைன்ஸ் விமானத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை. மூடுபனியில் தரையிறங்க முயன்று முடியாமல் இருந்தபோது, ட்ரோன்களை நோக்கி ஏவப்பட்ட ரஷ்ய ஏவுகணையின் சிதறல்கள் அதன் மேல் பாய்ந்தன. காயம்பட்ட விமானம் காஸ்பியன் கடலைக் கடந்து கஜகஸ்தானின் அக்தாவ் அருகே விழுந்தது. 67 பேரில் 38 பேர் இறந்தார்கள்.

சுற்றுச்சூழலுக்கும் இதில் பாதிப்பு உண்டு. செயற்கைக்கோளை நம்பித்தான் விமானங்கள் ரேடியோ நிலையத்துக்கு ரேடியோ நிலையம் வளைந்து போவதை விட்டு நேர்கோட்டில் போகவும், சீராகச் சரிந்து இறங்கவும் கற்றன. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகும் என்பதால், மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும். அதே போர்கள், வான்வெளிகளையும் மூடவைத்து, அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டன. 2022-ல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிய பிறகு, ஒன்பது மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரம் ஆனது. 2025 ஏப்ரல் முதல் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டு, டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்களும் சுற்றித்தான் போகின்றன. விமானம் ஏறுகிறவரிடம் கார்பன் ஈடுகட்ட நன்கொடை கேட்கும் நிறுவனங்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

நம் ஊர் நிலவரம்? 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை எல்லையோரத்தில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில், 465 முறை ஜிபிஎஸ் குறுக்கீடு பதிவானதாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 2025 நவம்பரில் எல்லையை விட்டுத் தள்ளியிருக்கும் டெல்லியிலும் அது தலைகாட்டியது. சென்னை உள்பட வேறு நகரங்களிலிருந்தும் புகார் வந்திருப்பதாக விமானப் போக்குவரத்து அமைச்சர் ஒப்புக்கொண்டார். சந்தேகம் வந்தால் பத்து நிமிடத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ உத்தரவு போட்டிருக்கிறது.

டெல்லியில் சிக்கல் வந்தது 10-ஆம் எண் ஓடுபாதையை நோக்கி, ஜிபிஎஸ்ஸை வைத்து இறங்கிய விமானங்களுக்கு. தரையில் உள்ள பழைய வகை ரேடியோ கருவிகள் வேலை செய்த மற்ற ஓடுபாதைகளில் சிக்கல் இல்லை. எஸ்தோனியாவின் டார்ட்டு நகரிலும் இதே கதைதான். ஜிபிஎஸ்ஸை மட்டுமே நம்பியிருந்த அந்த விமான நிலையத்துக்கு 2024-ல் ஃபின்ஏர் ஒரு மாதம் சேவையை நிறுத்திவைத்தது; ஜிபிஎஸ் இல்லாமல் இறங்க வேறு வழி ஏற்படுத்திய பிறகே திரும்ப வந்தது. பராமரிப்புச் செலவு என்று சொல்லி உலகெங்கும் ரேடியோ வழிகாட்டி நிலையங்களை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியா குறைந்தபட்ச எண்ணிக்கையை வைத்துக்கொள்ளும் என்று அமைச்சர் சொல்லியிருப்பது நல்ல செய்தி. அந்தக் குறைந்தபட்சத்தை நிர்ணயிப்பதில் நிதித்துறையின் கை ஓங்காமல் இருக்க வேண்டும்.

அசலா போலியா என்று கண்டுபிடிக்கக் கையெழுத்துப் போல ஒரு குறியீட்டைச் சமிக்ஞையிலேயே சேர்த்து அனுப்பும் வேலையை ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் 2025 ஜூலையில் தொடங்கிவிட்டன. அதைப் படிக்கத் தெரிந்த கருவி விமானத்திலும் இருக்க வேண்டும். இன்று வாங்கும் ஒரு விமானம் இருபத்தைந்து ஆண்டு பறக்கும். அதில் ஒரு கருவியை மாற்றச் சான்றிதழ் வாங்கவே சில ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை பெங்களூருவிலிருந்தோ சென்னையிலிருந்தோ வளைகுடாவைக் கடந்து ஐரோப்பா போகும் விமானத்தின் விமானி, அந்தப் பகுதி வருமுன்பே திரையில் தெரியும் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.